பதினெட்டு வரை எண்ணிய கைகள்

கட்டைவிரல் நுனியால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போனால் ஒரு கையில் 12 வரும். இரண்டு கைகளிலும் சேர்த்து 24 வரும். எனக்கு 18தான் வரும். வலக்கையில் 12, இடக்கையில் 6. என் இடக்கையின் கட்டைவிரலும் சுண்டுவிரலும் எல்லாருக்கும் இருப்பவை போன்றவையே. இடையிலுள்ள சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றும் முதல் கணுவோடு நின்றுவிட்டவை. நின்றுவிட்ட இடத்தில் ஒவ்வொன்றின் முனையிலும் மொட்டுப் போன்ற சிறிய சதைத்திரட்சி உண்டு. அதன்மேல் ஒரு சிறிய நகமும் உண்டு.

சிறுவயதில் என் கையில் நான் மிகவும் வெறுத்தவை அந்த மூன்று நகங்கள்தான். விரல் இல்லாத இடத்தில் நகம் எதற்கு என்று கேட்டு அழுதிருக்கிறேன். மற்ற நகங்களைப் போலவே அவையும் வளரும். வாரம் ஒருமுறை அம்மா அவற்றை மிகுந்த கவனத்தோடு வெட்டிவிடுவார். வெட்டும்போது அவர் எதுவும் பேசமாட்டார். பேசாமலிருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது என்பது எனக்கு 31 வயதில்தான் தெரிந்தது. அந்தக் கைக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு என்பதும் அதே ஆண்டில்தான் தெரிந்தது.

அதுவரை எனக்கு இருந்த பெயர், 'பிறவிக் குறைபாடு, இடக்கை' என்பதே. மருத்துவக் குறிப்பேட்டிலும் விண்ணப்பங்களிலும் சான்றிதழ்களிலும் அந்த மூன்று சொற்களே திரும்பத் திரும்ப வந்தன. நானும் என் கணவரும் குழந்தை பெற்றுக்கொள்ள நினைத்த சமயத்தில், இது என் குழந்தைக்கும் வருமா என்ற கேள்வியோடு கை அறுவை மருத்துவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். எடுத்த எக்ஸ்ரே படத்தோடு வந்த அறிக்கையில், எலும்புகளின் நீண்ட விவரிப்புக்கு நடுவே, நான் அதற்குமுன் எங்கும் கண்டிராத ஒரு சொல் இருந்தது: அஃபலாஞ்சியா.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கடினமில்லை. கிரேக்கத்தில் 'ஃபாலங்க்ஸ்' என்றால் தோளோடு தோள் நெருங்கி, ஈட்டிகளை நீட்டியபடி முன்னேறும் படைவரிசை. கைவிரல்களின் எலும்புகளும் கால்விரல்களின் எலும்புகளும் வரிசை வரிசையாக நிற்பதால் உடற்கூற்றியல் அவற்றுக்கு அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. முன்னால் நிற்கும் 'அ', 'அநீதி', 'அதர்மம்' என்று நாம் சொல்லும்போது வரும் அதே இன்மைப் பொருள் தரும் முன்னொட்டு. ஆக, விரலெலும்பின்மை என்பது நேரான பொருள். படைவரிசையைத் தமிழில் 'அணி' என்கிறோம். விரலில் போடுவதையும் அணி என்கிறோம். என் மோதிர விரலைப் பார்க்கும்போது அந்த இரண்டு பொருளும் ஒன்றாக நினைவுக்கு வருகின்றன.

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. கட்டைவிரலுக்கு இரண்டு விரலெலும்புகள். மற்ற நான்கு விரல்களுக்கும் அடியெலும்பு, நடுவெலும்பு, நுனியெலும்பு என்று மும்மூன்று. பாதத்திலும் இதே கணக்குத்தான். பெருவிரலுக்கு இரண்டு, மற்றவற்றுக்கு மூன்று. உடல் முழுவதும் சேர்த்தால் 56 என்று பாடநூல்கள் சொல்லும். ஆனால் காலின் சுண்டுவிரலில் நடுவெலும்பும் நுனியெலும்பும் தனித்தனியாகப் பிரியாமல் ஒரே எலும்பாக இருப்பது மனிதர்களிடையே மிகச் சாதாரணமானது. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அந்தச் சிறு விரலில் இரண்டு எலும்புகளே இருக்கக்கூடும். பாதத்தை எக்ஸ்ரே எடுக்கும் தேவை வராத வரையில் அது உங்களுக்குத் தெரியவும் வராது. அந்த நிலையை யாரும் நோய் என்று சொல்வதில்லை. அதற்காக யாரும் தன் தாயைக் கேள்வி கேட்பதுமில்லை. 56 என்பது ஒரு மாதிரிக் கணக்கு மட்டுமே என்று தெரிந்துகொண்டது எனக்கு அந்த நாள்களில் பெரிய ஆறுதலாக இருந்தது.

என் இடக்கையில் 14க்கு 8 விரலெலும்புகள் இருக்கின்றன. கட்டைவிரலில் இரண்டு, சுண்டுவிரலில் மூன்று, இடையிலுள்ள மூன்று விரல்களிலும் ஒவ்வோர் அடியெலும்பு. சுட்டுவிரல் மொட்டின் நகத்துக்குக் கீழே மட்டும் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று படத்தில் தெரிந்தது. அதை ஒன்பதாவது எலும்பாக எண்ணுவதா வேண்டாமா என்று மருத்துவரும் சிறிது நேரம் யோசித்தார். நுனியெலும்பு உருவாகத் தொடங்கி அத்தோடு நின்றதன் மிச்சம் அது என்றார். பிறகு படத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையை எடுத்து, மொட்டுகளின் மேலிருந்த நகங்களை ஒவ்வொன்றாகத் தன் விரலால் தடவிப் பார்த்தார். "படத்தைவிட இவைதான் எனக்கு அதிகம் சொல்கின்றன" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை விளங்கிக்கொள்ள, அஃபலாஞ்சியா என்ற சொல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஒரு நோயின் பெயரே அன்று. ஒரு விரலில் ஒன்றோ பலவோ விரலெலும்புகள் இல்லை என்று மட்டுமே அது சொல்கிறது. விரலே முற்றிலும் இல்லையென்றால் அடாக்டிலி. எலும்புகள் எல்லாம் இருந்தும் குட்டையாக இருந்தால் பிராக்கிடாக்டிலி, அதாவது குறுவிரல் நிலை. கையின் நடுப்பகுதி பிளந்து நடுவிரல் வரிசை இல்லாமற்போனால் எக்ட்ரோடாக்டிலி. இந்தச் சொற்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டும் சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் கிடக்கின்றன. எலும்பு இல்லை என்ற கண்டறிதல் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கலாம்; இல்லாமற்போன கதை ஆளுக்கு ஆள் வேறு. அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளாமல், குழந்தைக்கு வருமா என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

கருவில் கை உருவாகும் விதத்தை மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். கருத்தரித்த ஏறத்தாழ 26ஆம் நாளில், கருவின் பக்கவாட்டில் துடுப்பின் தொடக்கம் போல ஒரு சிறு மொட்டு எழும்புகிறது. கால் மொட்டு அதற்கு ஓரிரு நாள் பின்னால் வரும். மொட்டின் நுனியில் வயல் வரப்பைப் போலத் தடித்த தோல்மேடு ஒன்று அமைகிறது. அதுதான் உள்ளிருக்கும் செல்களுக்கு வளர்ந்துகொண்டே போகும்படி கட்டளையிடுகிறது. ஆறாம் வாரத்தில் மொட்டின் முனை தட்டையாகி, விரல்கள் வரப்போகும் இடங்களில் ஐந்து கதிர்கள் தெரிகின்றன. அப்போது அது கை போல இராது, சவ்வால் இணைந்த துடுப்புப் போலவே இருக்கும். கதிர்களுக்கு இடையிலுள்ள செல்கள் குறித்த நேரத்தில் தாமாகவே இறந்துபோவதால்தான் விரல்கள் பிரிகின்றன. சிற்பி கல்லில் வேண்டாததை நீக்குவது போல. எட்டாம் வாரம் முடிவதற்குள் விரல்கள் பிரிந்து, குருத்தெலும்பால் ஆன அச்சு உருவாகியிருக்கும். அதன்பிறகே குருத்தெலும்பு எலும்பாக மாறத் தொடங்குகிறது. இதில் ஒரு விந்தை உண்டு. எலும்பாகும் வேலை நுனியெலும்பில் முதலில் தொடங்குகிறது. நடுவெலும்பில் கடைசியாகவே நடக்கிறது. பல குறுவிரல் நிலைகளில் முதலில் பாதிக்கப்படுவது நடுவெலும்பாக இருப்பதும் எனக்கு இதோடு சேர்ந்தே நினைவில் நிற்கிறது.

நுனியிலுள்ள அந்த வரப்பின் வேலையை 1948இல் ஜான் சாண்டர்ஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் கோழிக்கருவில் நிறுவிக் காட்டினார். வளரும் சிறகு மொட்டின் வரப்பை அவர் நீக்கினார். மிகவும் முன்கூட்டியே நீக்கியபோது சிறகு தோளுக்கு அருகிலேயே நின்றுபோனது. சற்றுத் தாமதமாக நீக்கியபோது நுனிப்பகுதி மட்டும் இல்லாமற்போனது. கை, தோளிலிருந்து நுனியை நோக்கி வரிசையாக வரையப்படுகிறது என்பதையும், எந்த நாளில் இடையூறு நேர்ந்தது என்பது எந்த இடத்தில் கை நின்றுபோனது என்பதில் பதிந்திருக்கும் என்பதையும் அந்தச் சோதனை காட்டியது. என் மணிக்கட்டும் உள்ளங்கையும் விரல்களின் அடியெலும்புகளும் முழுமையாக வந்திருக்கின்றன. ஆக, என் கை ஏறத்தாழ முடியும் தறுவாயில் நின்றது.

ஆனால் வரப்பு அழிந்து நின்றிருந்தால் நகம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விதான் என் கையின் கதையைத் திறந்தது. நகம் என்பது தோலின் வேலை. அதுவும் விரல்நுனித் தோல் மட்டுமே செய்யக்கூடிய வேலை. நகம் இருக்கிறதென்றால் விரல்நுனிக்கான தோல் தன் இடத்தில் அமைந்து, தன் கடமையைச் செய்திருக்கிறது. இல்லாமற்போனது, அந்தத் தோலுக்கு அடியில் எலும்பாக வேண்டிய இடைத்திசுதான். வெளியுறை வந்துவிட்டது, உள்ளீடு வரவில்லை. இப்படி உள்ளீடு குறைந்து, நுனியில் நகமொட்டுகள் தங்கிய கையை மருத்துவர்கள் சிம்பிராக்கிடாக்டிலி என்று அழைக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு கையில் மட்டும் வரும். நடுவிலுள்ள மூன்று விரல்களையே அது அதிகம் தாக்கும்; கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் பெரும்பாலும் விட்டுவைக்கும். கருவின் கைக்குப் போகும் இரத்த ஓட்டத்தில், ஆறாம் வார அளவில் ஒரு சிறு தடை நேர்வதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்ற கருதுகோள் 1986இல் முன்வைக்கப்பட்டது. இன்றும் அதுவே பரவலாகப் பேசப்படுகிறது; ஆயினும் கருதுகோள் என்ற நிலையிலேயே இருக்கிறது.

மருத்துவர் அடுத்து என் இரண்டு உள்ளங்கைகளையும் மார்புக்கு முன்னால் சேர்த்து அழுத்தச் சொன்னார். கைக்கும் மார்புக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. 1841இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராக இருந்த ஆல்ஃபிரட் போலண்ட், தான் அறுத்தாய்ந்த ஓர் உடலில் ஒரு பக்க மார்புத் தசை பெருமளவு இல்லாதிருப்பதையும், அதே பக்கத்துக் கையில் விரல்கள் குறுகி இணைந்திருப்பதையும் குறித்துவைத்தார். அந்தக் கை அம்மருத்துவமனையின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டது. 1962இல் பேட்ரிக் கிளார்க்சன் என்ற அறுவை மருத்துவர் அதைக் கண்டெடுத்து, அந்த நிலைக்குப் போலண்டின் பெயரைச் சூட்டினார். விரலெலும்புகள் இல்லாத ஒவ்வொரு கைக்கும் மேலே உள்ள மார்பையும் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் அப்படி வந்ததுதான். எனக்கு இரண்டு பக்கமும் தசை சமமாக இருந்தது.

மூன்றாவதாக அவர் தேடியது வடுக்களை. கருவைச் சூழ்ந்திருக்கும் பனிக்குடத்தின் உட்சவ்வு கிழிந்து, அதன் நார்கள் விரல்களைச் சுற்றிக்கொண்டு இறுக்குவது உண்டு. அப்படி இறுக்கப்பட்ட விரல்களில் நூல் கட்டியது போன்ற வளையப் பள்ளங்கள் இருக்கும். விரல்கள் நுனியில் ஒட்டிக்கொண்டு அடியில் இடைவெளி விட்டிருக்கும். துண்டான விரலில் நகமொட்டு இராது. முழுமையாக உருவாகிவிட்ட விரலைக்கூட அந்த நார்கள் பிற்பாடு துண்டித்துவிட முடியும். என் கையில் எந்த வளையமும் இல்லை. நகங்கள் இருந்தன. "உங்கள் விரல்கள் இருந்து போனவை அல்ல, தொடக்கத்திலேயே அவ்வளவுதான் உருவானவை" என்று அவர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

குழந்தைக்கு வருமா என்ற என் கேள்விக்கு இனிப் பதில் சொல்ல முடிந்தது. என்னுடைய வகை, குடும்பத்தில் வழிவழியாக வருவதில்லை. இயல்பாக எந்தத் தாய்க்கும் உள்ள வாய்ப்புக்கு மேல் எனக்குப் பெரிதாக எதுவும் கூடுதலில்லை. ஆனால் இதே அஃபலாஞ்சியா என்ற சொல்லைச் சுமந்துகொண்டு, இரண்டு கைகளிலும் சுட்டுவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை நுனியெலும்புகளும் நகங்களும் இல்லாமல் ஒருவர் வந்திருந்தால் அவருக்கு வேறு பதில் கிடைத்திருக்கும். அது பி வகைக் குறுவிரல் நிலை. 2000ஆம் ஆண்டில் அதற்கான காரணம் ஆர்ஓஆர்2 என்ற மரபணுவில் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரே சொல்லின் கீழே ஒருவருக்கு அச்சமும் ஒருவருக்கு அச்சமின்மையும் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டியது நகம்.

விரலெலும்புகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய பிறகு, மரபியலின் வரலாற்றிலேயே அவற்றுக்கு ஒரு தனியிடம் உண்டு என்று தெரிந்துகொண்டேன். இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வில்லியம் ஃபாராபி என்ற மானுடவியலாளர், பென்சில்வேனியாவில் ஒரு குடும்பத்தின் விரல்களைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து 1903இல் ஹார்வர்டில் ஆய்வேடு அளித்தார். அது 1905இல் வெளிவந்தது. அந்தக் குடும்பத்தில் பலருக்கு நடுவெலும்புகள் மிகவும் குறுகியோ நுனியெலும்போடு இணைந்தோ இருந்தன. இரண்டே கணு கொண்ட விரல்கள். அந்த நிலை உள்ளவர்களின் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே அது வந்திருந்தது. மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதி, ஓங்கிய பண்பாக, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் பண்பாக, மனிதரிடமும் செயல்படுகிறது என்று காட்டிய முதல் சான்று அதுதான். அதற்கான மரபணு 2001இல் அடையாளம் காணப்பட்டது.

இந்தக் குறுவிரல்கள் அதோடு நிற்கவில்லை. 1908இல் இலண்டனில் மெண்டலின் கொள்கையைப் பற்றி ரெஜினால்ட் பனட் உரையாற்றியபோது, ஓங்கிய பண்பு என்றால் காலப்போக்கில் குறுவிரல் உள்ளவர்கள் மூன்று பேருக்கு மற்றவர் ஒருவர் என்ற விகிதம் அல்லவா வந்திருக்க வேண்டும் என்ற பொருளில் புள்ளியியலாளர் உட்னி யூல் கேட்டதாகச் செய்தி பரவியது. கேள்வி நியாயமாகவே தோன்றும். பனட்டிடம் விடை இல்லை. அவர் கேம்பிரிட்ஜில் தம்மோடு கிரிக்கெட் ஆடும் நண்பரான கணிதவியலாளர் ஹார்டியிடம் அதைக் கொண்டுபோனார். ஐந்தாண்டுகள் கழித்து ராமானுஜனின் கடிதத்தைப் பிரித்துப் படித்த அதே ஹார்டிதான். ஒரு பண்பு ஓங்கியதாக இருப்பதால் மட்டும் அது மக்களிடையே பெருகிவிடாது, ஒடுங்கியதாக இருப்பதால் மட்டும் அழிந்துவிடாது, வேறு சக்திகள் குறுக்கிடாத வரையில் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை அப்படியே நிற்கும் என்று எளிய பெருக்கல் கணக்கால் காட்டி, அதே ஆண்டு 'சயன்ஸ்' இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். ஜெர்மனியில் வில்ஹெல்ம் வைன்பெர்க் என்ற மருத்துவரும் அதே முடிவுக்குத் தனியாக வந்திருந்தார். இன்று மரபியல் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் முதலில் கற்கும் ஹார்டி–வைன்பெர்க் விதி, நடுவெலும்பு குறைந்த விரல்களைப் பற்றிய ஒரு கேள்விக்கு எழுதப்பட்ட மறுமொழி. என்னுடையது அந்தக் குடும்பத்து வகையில்லை என்றாலும், அதைப் படித்த அன்று என் இடக்கையை மேசையின் மேல் எடுத்துவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்வதற்கு எனக்குத் தகுதி இல்லை. நான் எதையும் செய்துகொள்ளவில்லை. ஆனால் சிறு குழந்தையோடு இதே கேள்வியில் நிற்கும் பெற்றோருக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கால்விரலிலிருந்து ஒரு விரலெலும்பை அதன் மேலுறையோடு எடுத்து, எலும்பில்லாத விரல் மொட்டின் தோற்பைக்குள் பொருத்தும் அறுவை ஒன்று உண்டு. பொருத்திய எலும்பு தொடர்ந்து வளர வேண்டுமென்றால் அதைக் குழந்தையின் முதல் ஒன்றரை வயதுக்குள் செய்வதே நல்லது என்று கருதப்படுகிறது. எடுத்த கால்விரல் குட்டையாகிவிடும் என்பது அதன் விலை. கால்விரலையே இரத்தக் குழாய், நரம்பு, தசைநாண் ஆகியவற்றோடு கைக்கு மாற்றும் நுண்ணறுவை 1960களில் மனிதரிடம் கைகூடியது. இவற்றைச் செய்யலாமா என்று தீர்மானிக்கும்போது, கை எப்படித் தெரியும் என்பதைவிட, கட்டைவிரலுக்கு எதிரே வந்து பிடிப்பதற்கு ஒரு விரல் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவத்தில் உறுதியான கருத்து. எனக்குச் சுண்டுவிரல் இருக்கிறது. பொத்தான் போடுவதும் செருப்பின் வாரை இழுத்து மாட்டுவதும் பக்கம் புரட்டுவதும் அந்த இருவர் கூட்டணியில் நடந்துவிடுகின்றன.

செயற்கைக் கைகளையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். 2013இல், தென்னாப்பிரிக்காவில் வேலையின்போது விரல்களை இழந்த தச்சர் ரிச்சர்ட் வான் ஆசும், அமெரிக்காவில் பொம்மலாட்டத்துக்கான இயந்திரக் கைகளைச் செய்துவந்த ஐவன் ஓவனும் சேர்ந்து, முப்பரிமாண அச்சில் வார்க்கக்கூடிய ஒரு கையின் வரைபடத்தை எல்லாருக்கும் இலவசமாக வெளியிட்டார்கள். பனிக்குட நார்களால் விரல்களில்லாமல் பிறந்த ஒரு சிறுவனுக்காகச் செய்யப்பட்டது அது. மணிக்கட்டை மடக்கினால் விரல்கள் மூடும். அதை மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் மகிழ்ச்சியைப் படங்களில் கண்டு நானும் கலங்கியிருக்கிறேன். ஆனால் எதை மாட்டினாலும் அதற்கு அடியில் இருக்கும் தோல் தொடு உணர்வை இழக்கிறது என்பதை மறக்கக்கூடாது. என் மூன்று மொட்டுகளுக்கும் சூடு தெரியும், ஈரம் தெரியும், துணியின் நெசவு தெரியும். நுனித்தோலுக்குரிய அந்தக் கூர்மை அவற்றிடம் முழுமையாக இருக்கிறது. ஒரு கையில்லாமல் பிறந்தவர்களின் மூளையில், கைக்கென்று இருக்கும் பகுதி வீணாகக் கிடப்பதில்லை, அந்தக் கையின் வேலையை ஏற்றுக்கொண்ட பாதம், உதடு, மேற்கை ஆகியவற்றின் அசைவுக்கு அது பதில் தருகிறது என்று 2017இல் வெளியான மூளைப்படிம ஆய்வு ஒன்று காட்டியது. பிறவியிலேயே இப்படி இருப்பவருக்கு இழப்பு என்ற அனுபவமே இல்லை. இருப்பதை வைத்துத்தான் அவர் உலகைத் தொடக்கத்திலிருந்து தொட்டுப் பழகுகிறார். ஆகவே, குழந்தை கையைப் பயன்படுத்தும் விதத்தைச் சில காலம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவர் என் குறிப்பேட்டில் எழுதியதைச் சொல்ல வேண்டும். உறுப்புக் குறைபாடுகளை விவரிப்பதற்கென்று 1989இல் வந்த ஐஎஸ்ஓ 8548 என்ற பன்னாட்டுத் தரம், கிரேக்கச் சொற்களைக் கைவிட்டு, எந்த மட்டம் வரை எலும்பு உருவாகியிருக்கிறது என்பதை நேரடியாக எழுதச் சொல்கிறது; அந்த மட்டத்துக்கு அப்பால் எலும்பு இல்லாவிட்டாலும் விரல் மொட்டுகள் இருக்கலாம் என்பதையும் அது குறிப்பிடுகிறது. அவர் அந்த முறையைத் தழுவி, ஒவ்வொரு விரலாக எழுதினார்: எந்த எலும்பு இருக்கிறது, எது இல்லை, எந்த மொட்டில் நகம், எந்த நகத்தின் அடியில் புள்ளி. 'பிறவிக் குறைபாடு, இடக்கை' என்றிருந்த இடத்தில் எட்டு வரிகள் வந்தன. என்னைப் பற்றி இவ்வளவு கவனமாக யாரும் எழுதியதில்லை என்று எனக்குத் தோன்றியது.

அதை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். குழந்தைக்கு வராது என்று சொன்னதும் அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ உனக்கு மட்டும் ஏன்மா வந்தது?" என்று கேட்டார். பிறகு, 31 ஆண்டுகளில் ஒருமுறையும் சொல்லாததைச் சொன்னார். நான் வயிற்றில் இருந்தபோது ஐந்தாம் மாதத்தில் படிக்கட்டில் வழுக்கி விழுந்திருக்கிறார். நான்காம் மாதத்தில் காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். இரண்டில் எது என் விரல்களைக் கொண்டுபோனது என்று ஒவ்வொரு வாரமும் நகம் வெட்டும்போதும் யோசித்திருக்கிறார்.

மாத்திரைகளைப் பற்றிய அச்சத்துக்கு உலகுக்கே காரணம் உண்டு என்று எனக்குத் தெரியும். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடு, 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் கை கால்களைச் சிதைத்தது. ஆனால் அந்தக் கொடிய மருந்துக்குக்கூட ஒரு காலவரம்பு இருந்தது. கருத்தரித்த பிறகு ஏறத்தாழ 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரை உட்கொண்டபோதே அது உறுப்புகளைத் தாக்கியது. வரைந்து முடித்த உறுப்பை அதனால் அழிக்க இயலவில்லை. நான் மருத்துவர் வரைந்த தாளை அம்மாவின் முன்னால் விரித்து, நாள்களைக் காட்டினேன். 26ஆம் நாள் மொட்டு. ஆறாம் வாரம் கதிர்கள். எட்டாம் வாரத்துக்குள் விரல்கள் பிரிந்து முடிந்துவிட்டன. நார் இறுக்கிய அடையாளம் எதுவும் இல்லாததால், உருவான விரல் பிற்பாடு போயிருக்கவும் வழியில்லை. அவர் விழுந்த ஐந்தாம் மாதத்தில் என் கை இப்போது இருக்கும் கையாகவே இருந்தது. அதற்குச் சான்று எங்கே என்று அவர் கேட்கவில்லை. ஆனாலும் மூன்று நகங்களையும் காட்டினேன்.

அம்மா தன் விரலை மடக்கி, ஏதோ ஒரு பழைய கணக்கைப் போட்டார். "ஆறாவது வாரம்னா, நீ வயித்துல இருக்கறதே எனக்கு அப்போ தெரியாதே" என்றார். தெரியாதுதான் என்றேன். அவர் மறுபடியும் நாள்களை எண்ணிப் பார்த்தார். பிறகு என் இடக்கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சுட்டுவிரலின் அடியைத் தன் இரு விரல்களுக்கு நடுவே பிடித்து அழுத்தினார். உள்ளே எலும்பு தட்டுப்பட்டதும் சற்று நின்று, நடுவிரலுக்கு நகர்ந்தார். அங்கிருந்து மோதிர விரலுக்குப் போனார்.

"இங்க வரைக்கும் இருக்கு" என்றார்.